கானா பாடும் குரலுக்கு ஸ்ட்ரா பயிற்சி: செய்து பார்த்ததில் தெரிந்தது

சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடிவிட்டு வந்தால் மறுநாள் குரல் கம்மிப்போகும். அதைச் சரிசெய்ய இன்னும் சத்தமாகச் சாதகம் செய்வது வீக்கத்தின் மேல் அடிப்பதுதான். தண்ணீரில் முக்கிய ஸ்ட்ராவுக்குள் மெதுவாகக் குரல் கொடுக்கும் ஸ்ட்ரா பயிற்சி அதற்கு நேர்மாறு.

அரை லிட்டர் பாட்டிலில் பாதி தண்ணீர், ஒரு சாதா ஜூஸ் ஸ்ட்ரா. நுனி தண்ணீருக்குள் 2, 3 செ.மீ. இருந்தால் போதும். 10 செ.மீ. ஆழம் போனால் நெஞ்சிலிருந்து தள்ள வேண்டிவரும், ஆரம்பத்தில் வேண்டாம். உதட்டால் கவ்விக்கொண்டு 'ஊ' என்று மெதுவாகக் குரல் கொடுக்க வேண்டும். வெறும் காற்று ஊதினாலும் குமிழி வரும் என்பதால் தொண்டையில் விரலை வைத்து அதிர்வைப் பாருங்கள். மூக்கைப் பிடித்ததும் சத்தம் மாறினால் காற்று மூக்கு வழியே கசிகிறது. குமிழி ஒரே சீராக வந்த பிறகு குரலைக் கீழ் சுருதியிலிருந்து மேல் சுருதிக்கு வழுக்கிக்கொண்டு போய்த் திரும்புங்கள். கடைசியில் பாட்டின் மெட்டையே ஸ்ட்ராவுக்குள் பாடலாம். ஒரு தடவைக்கு 5 நிமிடம், பாடுவதற்கு முன்னும் பின்னும்.

வாய்ப்பக்கம் அடைபடுவதால் காற்றழுத்தம் குரல்நாண்களுக்கு மேலேயும் தங்குகிறது. அதனால் நாண்கள் பலமாக மோதாமல் மென்மையாக அதிர்கின்றன.

முன்னேற்றத்தைச் சத்தத்தை வைத்து அளக்காதீர்கள். காலையில் மேல் சுருதியில், மிக மெல்லிய குரலில் ஒரு வரி பாடிப் பாருங்கள். குரல் தொடங்கும் முன் காற்று மட்டும் வந்தாலோ நடுவில் உடைந்தாலோ நாண் வீங்கியிருக்கலாம். அன்று ஸ்ட்ராவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பயிற்சி பலித்தால் முதலில் தெளிவது இந்த மெல்லிய மேல்குரல்தான். ஒரே மூச்சில் 'ஆ' பிடிக்கும் நேரத்தையும் குறித்துவையுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 15 முதல் 25 விநாடி வரும்.

இடம் முக்கியம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓடும் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்துப் பழகினால், இரைச்சலுக்கு மேல் கேட்கவேண்டுமென்று நம்மை அறியாமலே குரலை ஏற்றிவிடுவோம். தூசி வேறு. உள் அறையில் பழகுவதே நல்லது.

கனைப்பதும் கெடுதல், நாண்கள் அறைந்துகொள்ளும். ஒரு மிடறு தண்ணீர் போதும். தொண்டை கட்டியபோது கிசுகிசுப்பதும் ஓய்வாகாது.

கம்மல் 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ வேறெங்கோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். உள்ளே கேமரா விட்டுப் பார்க்காமல் காரணம் தெரியாது. நாணில் சிறு முடிச்சு என்றால் பேச்சுப் பயிற்சியிலேயே பலருக்குக் கரைந்துவிடும்.