பவளம் இல்லாத பவளப்பாறைத் தொட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு அக்ரிலிக் தொட்டி நிற்கிறது. கடல்நீர்த் தொட்டி. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, பாறையெல்லாம் அடுக்கியிருக்கிறீர்களே, பவளம் எங்கே என்றுதான். பவளம் கிடையாது, இனிமேலும் வைக்கப் போவதில்லை. ஏன் என்று ஆளாளுக்குப் பாதிப் பாதியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது கரையில் பவளக்கல் குவியல் குவியலாகக் கிடக்கும். தீவுப் பக்கம் வெட்டிப் படகில் கொண்டுவந்த கல். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும், வீட்டுக் கடைக்காலுக்கும் போகும். எங்கள் வீட்டுச் சுவரில் பொங்கலுக்குப் பொங்கல் அடித்ததும் அந்தச் சுண்ணாம்புதான். அது உயிருள்ள பிராணிகள் நூற்றாண்டுக் கணக்கில் கட்டிய கூடு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடலை 1986-லேயே தேசியப் பூங்கா என்று அறிவித்தும் வெட்டுவது நிற்கவில்லை. 2001-ல் கடினப் பவளங்கள் அத்தனையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலி இருக்கும் அதே அட்டவணையில், சேர்த்த பிறகுதான் மெல்ல மெல்ல அடங்கியது. அந்தத் தீவுகளில் ஒன்றான விலாங்குசல்லி இப்போது தண்ணீருக்குள் போய்விட்டது. அலையை முன்னால் நின்று வாங்கிக்கொள்ளப் பாறை இல்லையென்றால் மணல் திட்டு எத்தனை நாள் தாங்கும்? சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் குவியல்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஒரு துண்டு பவளத்தைக்கூட காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைக்க மனசு வரவில்லை. ஆனால் அந்தக் கடலின் ஒரு மூலையாவது கண்ணெதிரே இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை.

சரி, தொட்டிக்கு வருகிறேன். கண்ணாடி தடிமனாக ஆக ஆகப் பச்சையடிக்கும், அக்ரிலிக் அப்படி இல்லை. மூலைகளில் சிலிக்கான் பசை தேவையில்லை, கரைப்பானை விட்டால் இரண்டு பலகையும் உருகி ஒன்றாகிவிடும். வெப்பத்தையும் கண்ணாடி அளவுக்குக் கடத்தாது, சென்னை வெயிலில் இது பெரிய விஷயம். 20 மில்லிமீட்டர் பலகையில் செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தேன். செய்தவர் மேல்விளிம்பில் உள்நோக்கி வரவேண்டிய பட்டையை வைக்காமலே கொண்டுவந்து இறக்கிவிட்டார். "தடிமன் போதும் சார், பட்டை எதுக்கு?" என்றார். போர்டிகோவில் வைத்துத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். முக்கால் தொட்டி நிரம்பும்போதே முன்பலகையின் நடுப்பகுதி வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்தேன், முக்கால் அங்குலம். அன்றே தண்ணீரை இறைத்துவிட்டு, சுற்றிலும் நான்கு அங்குலப் பட்டையும் நடுவில் ஒரு குறுக்குப் பட்டையும் ஒட்டவைத்த பிறகுதான் வீட்டுக்குள் எடுத்தேன். பெரிய அக்ரிலிக் தொட்டி செய்யக் கொடுப்பவர்கள் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, கண்ணாடித் தொட்டியைப் போல விளிம்பை மட்டும் தாங்கினால் போதாது, அடிப்பலகை முழுக்க எதன்மீதாவது படிந்து உட்கார வேண்டும். இரும்புச் சட்டம், மேலே பிளைவுட், அதன்மேல் ஃபோம் ஷீட் என்று போட்டிருக்கிறேன். தண்ணீர் மட்டுமே கிட்டத்தட்ட 700 கிலோ. தரைத்தளம் என்பதால் துணிந்தேன்.

பாறைகளை மொட்டைமாடியில் நானே செய்தேன். வெள்ளை சிமென்ட் ஒரு பங்கு, கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் நொறுக்கு இரண்டு பங்கு, கல் உப்பு இரண்டு பங்கு. ஈர மணலில் குழி பறித்துக் கலவையை அள்ளிப் போட்டு, கையால் அங்கங்கே குடைந்து விட்டுவிட வேண்டும். இறுகிய பின் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பெல்லாம் கரைந்து, கரைந்த இடமெல்லாம் துளையாகிவிடும். மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் நல்ல பாக்டீரியா குடியேறுவது அந்தத் துளைகளில்தான். சிமென்டின் காரம் இறங்க நாளாகும். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, ஏழு வாரம் ஊறவைத்தேன். கடைசி வாரம் ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, ஊசி நுழையும் துளை வழியாகக்கூட வானம் தெரிந்தது. மன்னார் வளைகுடாவில் உள்ள வான் தீவின் முன்னால் அரசாங்கம் சிமென்டில் துளைபோட்ட கட்டமைப்புகளைச் செய்து கடலில் இறக்கியிருக்கிறது, தீவைக் காப்பாற்றவும் மீன் அடையவும். அதைப் படித்ததிலிருந்துதான் எனக்கு இந்த யோசனையே வந்தது.

தண்ணீர் தயாரிக்கும்போது அப்பா வந்திருந்தார். எங்கள் போர் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டு, அப்புறம் ரெசின் குழாயில் விட்டு டி.டி.எஸ்.ஸை, அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவை, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கீழ்த்தொட்டியையும் சேர்த்து 800 லிட்டருக்குச் சுமார் 30 கிலோ கடல் உப்புக் கலவை போட்டேன். விலையைக் கேட்டதும் அப்பா, "ஊர்ல இருந்து ரெண்டு மூட்டை போட்டுவிட்டா ஆகாதா?" என்றார். பிறகு அவரே யோசித்துத் தலையசைத்தார். பாத்தியில் உப்பு விளைவதற்கு முன்பே சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி ஜிப்சமாக இறங்கிவிடும், மெக்னீசியம் உப்பு எடுத்தபின் மிஞ்சும் நஞ்சோடைத் தண்ணீரோடு போய்விடும், மிச்சம் இருப்பது சோடியம் குளோரைடு மட்டும்தான் என்று அவருக்குத் தெரியாததா? மறுநாள் பையிலிருந்து, உப்பளத்தில் உப்புநீரின் அடர்த்தி பார்க்கும் தன் பழைய டிகிரிக் குழலை எடுத்தார். தொட்டித் தண்ணீரை உயரமான டம்ளரில் மொண்டு குழலை மிதக்கவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "மூணரை. கடத்தண்ணிதான்." என் கருவியில் ஒப்படர்த்தி 1.025. இரண்டும் ஒரே கணக்கு.

மீன் விடுவதற்கு முன் 38 நாள் வெறும் தொட்டிதான் ஓடியது. சுத்தமான அம்மோனியம் குளோரைடு, நம்மூர் ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம் இருக்கிறதே, அதே பொருள், துளித்துளியாகப் போட்டு பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகி, போட்ட அம்மோனியாவும் அதிலிருந்து வந்த நைட்ரைட்டும் ஒரு நாளுக்குள் பூஜ்யமானால்தான் தொட்டி தயார். இந்த இடத்தில் அவசரப்பட்டுத்தான் நிறையப் பேர் மீனைச் சாகடிக்கிறார்கள். மீன் ஒரு சோதனைக் கருவி இல்லை, தயவுசெய்து காத்திருங்கள்.

இப்போது இரண்டு கோமாளி மீன்கள் இருக்கின்றன. கடலில் பிடித்தவை அல்ல, பண்ணையில் பிறந்தவை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது, ஆகவே பாறையிலிருந்து பிடித்து வந்த மீனை வாங்கவேண்டிய அவசியமே இல்லை. இந்த இனத்தில் எல்லாமே ஆணாகத்தான் வளரும், ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும். எங்கள் ஜோடியில் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டு வருகிறது.

அன்றாட வேலை என்று பார்த்தால் தினமும் ஐந்தாறு லிட்டர் ஆவியாகும், அதற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் தொட்டியே பாத்தியாகிவிடும். மே மாதத்துக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது, மின்தடைக்கு ஒரு பம்பையாவது இன்வெர்ட்டரில் போட்டுவையுங்கள். அக்ரிலிக்கைத் துடைக்க ஸ்பிரிட், அம்மோனியா கலந்த திரவம் எதுவும் கூடாது, நுண்ணிய வெடிப்பு விழும். போன மாதம் காந்தத் துடைப்பானில் ஒரு மணல் துகள் சிக்கியிருந்ததைக் கவனிக்காமல் இழுத்துவிட்டேன், ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் படிப்படியாகத் தேய்த்தால் போய்விடும், கண்ணாடியில் அது நடக்காது. பாதி தேய்த்திருக்கிறேன்.

நேற்று இரவு விளக்கை அணைக்கப் போனபோது பெரிய மீன் இடது மூலையில், முதன்முதலில் நான் வார்த்த அந்தக் கோணலான கல்லின் முகப்பை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. முட்டையிடும் இடத்தை அவை இப்படித்தான் தயார் செய்யும். சின்னது பக்கத்திலேயே நின்று அவ்வப்போது தானும் ஒரு கொத்து கொத்தியது. விளக்கை அணைக்காமல் வந்துவிட்டேன்.