கானாடுகாத்தான் கண்ணாடியும் ஹிரோஷிமா கூரை ஓடும்

செட்டிநாடு போய் வந்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சென்னையிலிருந்து பல்லவனில் காரைக்குடி, மறுநாள் காலை கானாடுகாத்தான், மதியம் ஆத்தங்குடி. ரயில் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டோ பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். டவுன் பஸ்ஸில் சில்லறைக் காசில் போகிற 15 கிலோமீட்டருக்கு 600 ரூபாய்! பேரம் பேசி 450. நாள் பட்ஜெட்டில் பாதி அங்கேயே போய்விட்டது. பஸ் நேரத்தை முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 450 ரூபாய்க்கு ஒரு பேச்சும் சேர்ந்து கிடைத்தது. எஃப்எம் செய்தியில் ஏவுகணைச் சோதனை என்று வந்ததும் ஓட்டுநர் சொன்னார்: "அணுகுண்டு விழுந்தா ஒரே நொடியில எல்லாருஞ் சாம்பலுண்ணே. வலியே தெரியாது." படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இது முழுக்கத் தப்பு. 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15க்கு ஹிரோஷிமாவின் மேல் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது சுமார் 15 கிலோடன், அதாவது 15,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 1,40,000. நொடியில் போனவர்கள் அதில் ஒரு பங்குதான். மற்றவர்கள் தீக்காயத்திலும், இடிபாட்டுக்குள் நெருப்பு வந்து சேர்ந்ததிலும், வாரக்கணக்கில் கதிர்வீச்சு நோயிலும் செத்தார்கள். வலி தெரிந்தே செத்தார்கள்.

கானாடுகாத்தானில் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடும் பெரிய வீடு ஒன்றைப் பார்த்தேன். ஆளுக்கு 50 ரூபாய், தாராளமாகக் கொடுக்கலாம். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று வாசலில் நின்றால் கொல்லைவரை நேராகப் பார்வை ஓடுகிறது. பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, சுவரில் பூப்போட்ட ஜப்பான் ஓடு. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டியார்கள் பர்மாவில் சம்பாதித்துக் கட்டியது. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வரவு நின்றது. அந்தப் போரை முடித்த குண்டு ஜப்பானில் விழுந்தது. ஜப்பான் ஓட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு ஓட்டுநர் சொன்னதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இப்படி ஒரு வீட்டின் பக்கம் அணுகுண்டு வெடித்தால் என்ன ஆகும்? கண்ணாடியிலிருந்தே தொடங்குகிறேன், நிறையப் பேரைக் காயப்படுத்துவது அது. ஒளி உடனே வந்துவிடும். அதிர்வலை கிட்டத்தட்ட ஒலியின் வேகத்தில், கிலோமீட்டருக்கு 3 விநாடி கணக்கில் பின்னால் வரும். பளிச்சென்றதும் "என்னது?" என்று எல்லோரும் ஜன்னலுக்கு ஓடுவார்கள். கண்ணாடி முகத்தில் வெடிக்கும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் வெடித்தபோது இதுதான் நடந்தது. ஒளிக்கும் அதிர்வுக்கும் நடுவே இரண்டு நிமிடத்துக்கும் மேல் இருந்தும் ஏறக்குறைய 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லு. பளிச்சென்றால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் குப்புறப் படுக்க வேண்டும். கையால் பிடரியை மூடிக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்டு முடியும்வரை எழக்கூடாது. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது சுவர். செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு முட்டைப் பூச்சு பூசிய இந்தச் சுவர் மேலிருந்து வரும் பாரத்தை நூறு வருஷம் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது, உள்ளே கம்பி இல்லை. சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு கூடுதல் அழுத்தம் வந்தாலே இப்படிப்பட்ட வீடு சரியும். 15 கிலோடன்னுக்கு அது சுமார் 1.7 கிலோமீட்டர் வரை. குண்டு ஆயிரம் மடங்கு பெரிதானால் தூரம் பத்து மடங்குதான் கூடும், கனமூலக் கணக்கு. ஒரு மெகாடன், அதாவது ஆயிரம் கிலோடன் என்றால் 7 கிலோமீட்டர். வெப்பம் அதையும் தாண்டிப் போகும்: வானம் தெளிவாக இருந்தால் 11 கிலோமீட்டர் வரை தோல் முழு ஆழத்துக்கு வேகும். காரைக்குடி மேல் நடந்தால் குன்றக்குடியில் வெட்டவெளியில் நிற்பவருக்கு அந்தக் கதி.

தேக்குத் தூண் அவ்வளவு லேசில் பற்றாது. வெடிப்பைப் பார்த்த பக்கம் மட்டும் கரியும். பற்றுவது திரைச்சீலை, காகிதம், காய்ந்த ஓலை. ஹிரோஷிமாவில் கரி அடுப்புகளும் கவிழ்ந்தன. சிறு நெருப்புகள் ஒன்றாகச் சேர்ந்து நெருப்புப் புயலாகி, சுமார் 13 சதுர கிலோமீட்டர் எரிந்தது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோயின. மருத்துவர், செவிலியரில் பெரும்பாலோர் செத்தோ காயம்பட்டோ கிடந்தார்கள். அணைக்கவும் ஆளில்லை, மருந்து போடவும் ஆளில்லை.

மதியச் சாப்பாடு காரைக்குடி மெஸ் ஒன்றில். உப்புக்கறி, நண்டு ரசம், கடைசியில் கவுனி அரிசி. 280 ரூபாய். மனசார எடுத்துக் கொடுத்த பணம்.

ஆத்தங்குடியில் ஓடு செய்வதை நின்று பார்க்க விடுகிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாக நிறக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே உலர்ந்த சிமெண்ட்-மணல், அதன் மேல் ஈரக் கலவை. சூளையே கிடையாது. தண்ணீரில் ஊறி வெயிலில் காய்கிறது. அந்தப் பளபளப்பு கண்ணாடித் தகடு கொடுத்தது.

ஹிரோஷிமாவின் கூரை ஓடோ ஏற்கெனவே சூளை கண்டது. மையத்திலிருந்து 600 மீட்டருக்குள் கிடந்தவற்றின் மேற்பரப்பு உருகிக் கொதித்து, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக உறைந்து நிற்கிறது. அந்த வெப்பம் அடித்தது சில விநாடிதான். பக்கத்து ஓட்டின் நிழலில் இருந்த பகுதி மட்டும் வழவழப்பாகவே இருக்கும். விரலால் தடவினால் கோடு தெரியும்.

இனி தூசி. குண்டு உயரத்தில் வெடித்தால் இது குறைவு. தரையில் வெடித்தால் மண்ணே கதிரியக்கத் தூசியாகிக் காற்று போகும் திசையில் கொட்டும். அது வீரியம் இழக்கக் கணக்கு உண்டு: நேரம் ஏழு மடங்கானால் வீரியம் பத்தில் ஒன்று. வெடித்து ஒரு மணி நேரத்தில் 1,000 என்றால் 7 மணி நேரத்தில் 100, இரண்டு நாளில் 10, இரண்டு வாரத்தில் 1. அதனால் முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் கிடப்பதுதான் உயிர். வீட்டின் நடுவில் ஒதுங்குவது பொது விதி. செட்டிநாட்டு வீட்டில் நடுவில் இருப்பது திறந்த வளவு, சுற்றியுள்ள கூரைத் தண்ணீரெல்லாம் வந்து விழும் இடம். தூசியும் அங்கேதான் சேரும். மேலே மாடி உள்ள, ஜன்னல் இல்லாத உள்ளறைதான் சரி. ஆறு சென்டிமீட்டர் கான்கிரீட், ஒன்பது சென்டிமீட்டர் மண், ஒவ்வொன்றும் கதிர்வீச்சைப் பாதியாக்கும். வெளியே போய் வந்தவர் மேலாடையை வாசலிலேயே கழற்றினால் தூசியில் பெரும்பகுதி போய்விடும். தலைக்கு சோப்பு போடலாம். கண்டிஷனர் கூடாது, தூசியை முடியோடு ஒட்ட வைக்கும்.

குடிதண்ணீர்தான் இந்த ஊருக்குப் பெரிய கவலை. திரும்பும் வழியில் ஒரு ஊருணிக் கரையில் பெண்கள் குடம் முக்கிக்கொண்டிருந்தார்கள். திறந்த நீர்நிலையில் தூசியோடு விழும் கதிரியக்க அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். சீசியம்-137க்கு முப்பது வருஷம். மூடிய கிணறு எவ்வளவோ மேல். அன்று பார்த்த வீடுகளில் கிணற்றுக்கு மூடி இருந்தது ஒரே ஒரு வீட்டில்.