முப்பந்தல் காத்தாடியும் ஏழாயிரம் ரூபாய்க் கண்ணாடியும்

சித்தி மகன் ஒருவன் போன வாரம் போனில் பிடித்துக்கொண்டான். "அண்ணே, ட்ரோனுக்கு என்டி ஃபில்டர் வாங்கணும், ஏழாயிரம் ரூவா செட்டு வாங்கவா, எண்ணூறு ரூவா செட்டு போதுமா?" வாட்சப்பில் பதில் தட்ட ஆரம்பித்து, அது நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதிவிடுகிறேன். இரண்டு செட்டையும் கைக்காசு போட்டு வாங்கி, அதில் ஒரு ஃபில்டரை முட்டம் கடலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தவன் நான்.

என்டி என்பது லென்சுக்கு மாட்டும் கூலிங் கிளாஸ், அவ்வளவுதான். அது எதற்கு என்று எனக்கு விளங்கியது காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலில். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், கால் கிலோ ட்ரோன் எம்மாத்திரம் என்று பயந்து மாசி மாதம் பார்த்துத்தான் போனேன். காத்தாடிகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன, வானம் பளிச்சென்று இருந்தது, ஆசையாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் இறக்கை சுற்றவில்லை, கடிகார முள் மாதிரி துள்ளித் துள்ளிப் போகிறது. என் ட்ரோனில் லென்சில் வெளிச்சம் நுழையும் துவாரம் எஃப் 2.8, அதைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் திறன், 100-க்குக் கீழே போகாது. அப்படியானால் நம்ம ஊர் உச்சி வெயிலைச் சமாளிக்கக் கேமராவுக்கு இருக்கும் ஒரே வழி ஷட்டர் வேகத்தை ஏற்றுவதுதான், அது போய் நின்றது 1/3200 விநாடியில். ஒவ்வொரு ஃப்ரேமிலும் இறக்கை கத்தி வெட்டிய மாதிரி நிற்கும், அசைவின் மெல்லிய தேய்ப்பு இருக்காது, அதனால்தான் அந்தத் துள்ளல்.

விநாடிக்கு 25 ஃப்ரேம் எடுத்தால் ஷட்டர் அதன் இரண்டு மடங்கு, அதாவது 1/50 இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பது சினிமாக்காரர்களின் பழைய கணக்கு. கடையில் மலைத்துப்போய் நிற்காமல் இருக்க ஒரு சின்ன வகுத்தல் தெரிந்தால் போதும்: 3200-ஐ 50-ஆல் வகு, 64. வேண்டியது என்டி 64, அதாவது வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காகக் குறைப்பது. சாயங்காலம் 1/800 காட்டினால் 16. இவ்வளவுதான் சூத்திரம், இதற்கு யூடியூபில் நாற்பது நிமிட வீடியோ பார்த்திருக்கிறேன்.

சரி, விலைக்கு வருவோம். முதலில் வாங்கியது எண்ணூறு ரூபாய் செட். வெளிச்சத்தைக் குறைக்கும் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் 8 போட்டால் ஒரு நிறம், 64 போட்டால் அலை நுரை பாசி பிடித்த மாதிரி லேசான பச்சை. ஒரே நிறச் சாய்வாக இருந்தால் எடிட்டிங்கில் ஒரே தட்டில் சரி செய்துவிடலாம், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒவ்வொரு துண்டாக உட்கார வேண்டியதுதான். அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் அதன் சட்டம். கொஞ்சம் கனம், கொஞ்சம் லூஸ். கனத்தால் சில நாள் ட்ரோனை ஆன் செய்தவுடனேயே கிம்பல் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் கை) மோட்டார் சிரமப்படுகிறது என்று திரையில் எச்சரிக்கை வரும். (249 கிராம் ட்ரோனில் 2 கிராம் ஃபில்டரை மாட்டினால் 250-ஐத் தாண்டி, அரசு விதியில் 250 கிராம் வரைக்குமான நானோ வகையை விட்டே வெளியே போய்விடும், இதை யாரும் சொல்வதில்லை.) லூசால் நடந்தது முட்டத்தில். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளை ஒட்டிப் பறக்கவிட்டுத் திரும்ப இறக்கினால் லென்ஸ் மொட்டையாக இருக்கிறது. வீடியோவை ஓட்டிப் பார்த்தேன், கடலுக்கு மேலே பாதி வழியில் படம் சட்டென்று வெள்ளை வெளேரென்று வெளுத்துப்போகிறது. அந்த நொடியில்தான் கழன்று விழுந்திருக்கிறது.

அந்த ஆத்திரத்தில் வாங்கியதுதான் ஏழாயிரத்துச் செட். இதில் சட்டம் கச்சிதம், எடை தெரியவே இல்லை, 16 போட்டாலும் 64 போட்டாலும் நிறம் ஒரே மாதிரி. உப்புச்சாரல் படிந்தால் துணியால் ஒரே துடைப்பில் போய்விடுகிறது, பழையதில் தேய்க்கத் தேய்க்க இழுவிக்கொண்டே இருக்கும். ஆனால் படம்? அதே பாறை, அதே நேரம், பழையது ஒன்று புதியது ஒன்று என்று எடுத்து, நிறத்தைச் சரிசெய்து, எங்கள் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணனிடம் எது எது என்று சொல்லாமல் காட்டினேன். ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, இருவது வருசமா கல்யாணம் எடுக்கேன். பொண்ணுக்கு மூஞ்சி தெரியுதான்னு கேப்பாங்க, சாப்பாட்டுப் பந்திய எடுத்தியளான்னு கேப்பாங்க, ஷட்டர் ஸ்பீடு என்னன்னு இன்னிக்கு வர ஒருத்தரும் கேக்கல்ல, கேட்டியா." எது விலை கூடியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு வாரம் கழித்து எனக்கும் தெரியவில்லை.

அதனால் என் கணக்கில் அந்தக் கூடுதல் காசு முக்கால்வாசி கண்ணாடிக்கு அல்ல, சட்டத்துக்கும் உப்பு ஒட்டாத மேல்பூச்சுக்கும். அது வேண்டாத செலவு என்றும் சொல்ல மாட்டேன், கடலோரத்தில் பறக்கவிடுகிறவனுக்குப் பிடிப்புள்ள சட்டம் வேண்டும். ஆனால் எதைப் பறந்து எடுக்கிறாய் என்பதும் இருக்கிறது. நூறு மீட்டர் உயரத்தில் நின்று வள்ளங்களை எடுத்தால் திரையில் எதுவும் வேகமாக நகர்வதில்லை, என்டி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். தென்னந்தோப்பு உச்சியை உரசிக்கொண்டு போனால்தான் வித்தியாசம் தெரியும். போட்டோ மட்டும் எடுப்பவனுக்கு அருவியையோ அலையையோ பால் மாதிரி வழியவிடும் ஆசை இல்லையென்றால் இது தேவையே இல்லை.

போலரைசர் என்ற இன்னொரு ஃபில்டர் பற்றியும் கேட்டான். கடல் மினுக்கத்தை வெட்டி அடியிலிருக்கும் பாறையைக் காட்டும், அது நிஜம், நானே வாய் பிளந்திருக்கிறேன். ஆனால் அதன் வேலை சூரியன் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. கையில் பிடிக்கும் கேமராவில் வளையத்தைத் திருப்பிக்கொள்ளலாம், மேலே போன ட்ரோனில் யார் போய்த் திருப்புவது? ட்ரோன் வட்டமடித்தால் வானம் பாதி கருநீலம், பாதி வெளிறல். அப்புறம் இன்னொன்று, அஸ்தமனத்துக்கு என்டி 64-ஐ மாட்டி ஏற்றிவிடாதே. கடலில் சூரியன் இறங்க ஆரம்பித்தால் மளமளவென்று இருட்டும், ஐஎஸ்ஓ ஏறி ரவை ரவையாகப் புள்ளி விழும். நான் ஒருமுறை பேட்டரி பாதி இருக்கும்போதே இறக்கி ஃபில்டரை மாற்றி ஏற்றினேன், அதற்குள் சூரியன் போயே போய்விட்டது.

ஆகவே தம்பி, செட்டாக வாங்காதே. தரமான சட்டத்தில் 16 ஒன்று, 64 ஒன்று தனித்தனியாகக் கிடைக்கிறதா பார். என் ஏழாயிரத்துப் பெட்டியில் ஆறு இருந்தது, நான்கு இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது. என்டி 4 வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ.