அண்ணனோடு கிளினிக் போன நாட்கள்

பிப்ரவரி 6, 2024, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

டர்பனுக்குக் கோயில் திருப்பணிக்கு வந்த சிற்பி அண்ணன் ஒருவருக்கு மொழிபெயர்க்கப் போனேன். தமிழ் மட்டும்தான் தெரியும். அவர் சம்மதத்தோடு, பெயர் போடாமல் எழுதுகிறேன்.

நர்ஸ் ‘பாசிட்டிவ்’ என்றதும் அவர் முகம் மலர்ந்தது. “நல்லதுதானே தங்கச்சி?”

ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “எய்ட்ஸா?” இல்லை அண்ணே. எச்.ஐ.வி. என்பது கிருமி. மருந்தில்லாமல் விட்டு, எதிர்ப்பு சக்தி சரிந்துபோன பிறகு வரும் நிலைதான் எய்ட்ஸ். இரண்டையும் ஒன்றாகவே பேசிப் பேசி எத்தனை பேரைச் சாகடித்திருக்கிறோம்!

பிப்ரவரி 13

சி.டி.4 எண்ணிக்கை 340. எச்.ஐ.வி. கிருமியால் குறிவைத்து அழிக்கப்படும் வெள்ளையணு அது. 200க்குக் கீழே போயிருந்தால் மற்ற தொற்றுகளைத் தடுக்கத் தனி மாத்திரையும் சேர்ப்பார்களாம். இவருக்கு வேண்டியதில்லை.

இன்று டி.எல்.டி. தொடங்கினார்கள். நம்மூரில் கூட்டு மருந்து என்பார்களே, அதுதான். தினம் ஒரே மாத்திரை. அதற்குள் டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நர்ஸ் கேட்டார். அண்ணன் மஞ்சள் பையைக் கவிழ்த்தார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நாளுக்கு 2000 மில்லிகிராம். டோலுடெக்ராவிர் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவை ஏற்றிவிடும் என்று 1000ஆகக் குறைத்தார்கள். பையைத் தயங்காமல் கவிழ்த்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று.

மே 21

வைரல் லோட், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு: ஒரு மில்லிலிட்டரில் 50க்கும் கீழே. சந்தோஷத்தில் “கிருமி தெரியவில்லை அண்ணே” என்று சொல்லிவிட்டேன்.

“அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?”

பகீரென்றது. இல்லை, கிருமி உள்ளேதான் இருக்கிறது, கருவிக்கு அகப்படாத அளவுக்கு அடங்கியிருக்கிறது, நிறுத்தினால் மறுபடி பெருகும் என்றேன். அவர் யோசித்து, “கல்லுக்குள்ள ஓடுற விரிசல் மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கும்” என்றார். என் விளக்கத்தைவிட அது தெளிவு. இனி நானும் அப்படித்தான் சொல்லப் போகிறேன்.

தினமும் மாத்திரை போட்டு இப்படியே அடங்கியிருந்தால் உடலுறவு மூலம் மனைவிக்குத் தொற்றாது என்றும் சொன்னேன். நம்பவில்லை. நர்ஸையே பார்த்தார். நர்ஸ் விரல்களை வளைத்துப் பூஜ்ஜியம் காட்டினார், தொற்றும் வாய்ப்பே இல்லை என்று.

வெளியே வந்ததும் ஊருக்குப் போன் போட்டார். அவர் பேசி முடிக்கும்வரை நான் காரிலேயே இருந்தேன்.