ஊசி நடுங்குவது பெரிய விஷயமில்லை

வேலூர், குடியாத்தம், ஆற்காடு என்று இந்தப் பக்கம் எங்கே போனாலும், கண்புரை எடுத்துக்கொண்டவர்கள் "லேசர்ல எடுத்தாங்க" என்றுதான் சொல்வார்கள். ஒடுகத்தூரில் இருக்கும் என் பெரியம்மாவும் அப்படித்தான். "இன்னாடா நீ, கத்தியே படலைன்னு அந்த நர்சம்மாவே சொன்னாங்களே" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். புரை எடுக்கும் மெஷினைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நர்சம்மா சொன்னால் சொன்னதுதான்.

சரி, லேசர் இல்லையென்றால் வேறென்ன? ஒரு நடுங்கும் ஊசி. தியேட்டரில் ஃபேக்கோ என்போம். டைட்டானியத்தில் செய்த, உள்ளே துளையுள்ள, சுமார் ஒரு மில்லிமீட்டர் பருமனான ஊசி. டாக்டர் கையில் பிடிக்கும் ஹேண்ட்பீஸுக்குள் பீசோ படிகங்கள் இருக்கும். மின்சாரம் கொடுத்தால் அவை விரிந்து சுருங்க, ஊசி நொடிக்குச் சுமார் 40,000 முறை முன்னும் பின்னும் போய்வரும். போய்வரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதிலேயே கண்ணுக்குள் புரை விழுந்த லென்ஸ் உடைந்து கூழாகிவிடும். அந்தக் கூழை அதே ஊசியின் துளை வழியே மெஷின் உறிஞ்சிக்கொள்ளும். கருவிழி (கார்னியா) ஓரத்தில் மூன்று மில்லிமீட்டருக்குள் ஒரு வெட்டு போதும். கத்தி படத்தான் செய்கிறது, பெரியம்மா.

இதைக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெல்மன், நியூயார்க் கண் டாக்டர், சாக்சபோனும் வாசிப்பார். 1960-களில் கண்புரை ஆபரேஷன் என்றால் 10, 12 மில்லிமீட்டருக்குக் கண்ணைத் திறந்து, லென்ஸை முழுசாக வெளியே எடுத்து, தையல் போட்டு, நாள்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பார்கள். கெல்மனுக்குச் சின்ன ஓட்டை வழியாகவே எடுத்துவிட வேண்டும். லென்ஸோ 9, 10 மில்லிமீட்டர் அகலம். உள்ளேயே உடைத்தால்தான் உண்டு. சுற்றும் கருவிகளைப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, காதுக்கு எட்டாத வேகத்தில் நடுங்கிப் பல்லில் காரை எடுக்கும் அல்ட்ராசோனிக் கருவி அவர் கண்ணில் பட்டது. 1967-இல் முதல் மனிதக் கண். ஏற்கெனவே பார்வை போய், எடுத்துவிடுவதாக இருந்த கண். ஊசி ஓடிய நேரம் மட்டும் 76 நிமிடம். இன்று சாதாரணப் புரைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கெல்மன் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் பல் டாக்டர் நாற்காலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. நடுங்கும் ஊசி ஏற்கெனவே கடையில் கிடைத்த சரக்கு. கேவிட்ரான் கம்பெனி அதைப் பல் டாக்டர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியோடு சேர்ந்து கண்ணுக்கு ஏற்றபடி அதை மாற்றினார்கள். 1971-இல் வந்த காப்புரிமையில் கெல்மன் பெயரோடு ஆண்டன் பாங்கோ என்ற இன்ஜினியர் பெயரும் இருக்கிறது. அவரை யாரும் பேசுவதில்லை. என் தொழில்காரன் என்பதால் நான் பேசுகிறேன். அந்தக் காப்புரிமையில் நடுக்கம் மட்டும் இல்லை. உள்ளே திரவம் விடுவதும், உடைந்ததை அந்தத் திரவத்தோடு சேர்த்து வெளியே இழுப்பதும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் கண்டுபிடிப்பு அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். கருவிழிக்கும் லென்ஸுக்கும் இடையே உள்ள அறையில் இருக்கும் நீர் சுமார் கால் மில்லி. ஆபரேஷன் நேரத்தில் மெஷின் நிமிடத்துக்கு 30 மில்லி இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால், அந்த அறையின் நீர் நிமிடத்துக்கு 120 தடவை மாறுகிறது. போகிற அளவுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி தவறினாலும் அறை சுருங்கிவிடும். மேலே கருவிழியின் உட்புறத்தில் இருக்கும் செல்கள் ஒருமுறை போனால் மறுபடி முளைக்காது. கீழே லென்ஸின் பின்பக்க உறை, நடுவில் 4 மைக்ரான் தடிமன் இருந்தால் அதிகம். அது கிழிந்தால் டாக்டர் முகம் மாறிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நொடிக்கு 40,000 தடவை அடிக்கும் ஊசி நிற்கிறது. ஊசியின் சூட்டைத் தணிப்பதும் அதே தண்ணீர்தான். ஊசியைச் சுற்றி ஒரு சிலிக்கோன் ஸ்லீவ், அதற்குள் தண்ணீர் வரும். வரத்து நின்றால் வெட்டின் ஓரம் வெந்துவிடும்.

பழைய மெஷின்களில் வரத்துக்கு என்ன ஏற்பாடு என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஸ்டாண்டில் ஒரு பாட்டில், அவ்வளவுதான். வீட்டு மாடியில் சின்டெக்ஸ் தொட்டி வைக்கிறோமே, அதே தத்துவம். பாட்டிலை 15 சென்டிமீட்டர் தூக்கினால் கண்ணுக்குள் சுமார் 11 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் கூடும். டாக்டர் "பாட்டில் மேல" என்றால் அதற்கு அர்த்தம் இதுதான்.

போக்கு இருக்கிறதே, அதுதான் தலைவலி. ஊசி வாயில் ஒரு துண்டு அடைத்துக்கொள்ளும். பம்ப் இழுத்துக்கொண்டே இருக்கும். டியூபுக்குள் வெற்றிடம் ஏறி, டியூப் சுவர் லேசாக உள்வாங்கும். துண்டு உடைந்து உள்ளே போன அந்த நொடியில் டியூப் பழைய நிலைக்கு விரியும். விரியும்போது கண்ணுக்குள் இருக்கும் நீரை ஒரே மூச்சில் இழுத்துக்கொள்ளும். அறை அமுங்கி, பின்னுறை ஊசிக்கு நேராக எழும்பி வரும். இதற்கு சர்ஜ் என்று பெயர். டியூபை விறைப்பாகச் செய்தார்கள், துளையைக் குறுக்கினார்கள், பம்பை மாற்றினார்கள். இத்தனை வருடங்களாக ஒவ்வொரு கம்பெனியும் "எங்கள் மெஷினில் சர்ஜ் குறைவு" என்று சொல்லித்தான் விற்கிறது. ஊசி அதிகமாக நடுங்கும் என்று சொல்லி விற்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

வேலூர் போர் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் விடும் திரவம் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) ஆனாலும் பி.எஸ்.எஸ். (பேலன்ஸ்டு சால்ட் சொல்யூஷன்) ஆனாலும் அது உப்புக் கரைசல். கேஸ் முடிந்ததும் ஹேண்ட்பீஸ் உள்துளையை டிஸ்டில்டு வாட்டரால் அலச வேண்டும். அலசாமல் காயவிட்டால் உப்பு உள்ளே படியும். அவசரத்தில் குழாய்த் தண்ணீரில் அலசினால் அதைவிட மோசம். அதை ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் பெட்டி) வேறு போட்டு எடுத்தால் சுண்ணாம்பு பூத்துவிடும். "மெஷின் செத்துப்போச்சு, உறிஞ்சவே மாட்டேங்குது" என்று ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தால் பம்ப் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும், துளைதான் பாதி மூடியிருக்கும். ஹேண்ட்பீஸைத் தரையில் போட்டுவிட்டு, கேஸ் ஷீட்டில் ஒன்றும் எழுதாமல் கமுக்கமாக டிரேயில் வைப்பவர்கள் தனி ரகம். படிகத்தில் விரிசல் விட்டிருந்தால் ட்யூன் செய்யும்போதே மெஷின் காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபேக்கோவுக்கு முன்பும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. பார்சிலோனாவில் இக்னாசியோ பார்ராகேர் 1917-இல் உறிஞ்சு கிண்ணம் ஒன்றை வைத்து லென்ஸை முழுசாகத் தூக்கினார். தொட்டியில் ஒரு அட்டைப்பூச்சி கல்லைக் கவ்வித் தூக்குவதைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். 1961-இல் போலந்து டாக்டர் க்ர்வாவிச் உறைய வைத்த கம்பியின் நுனியில் லென்ஸை ஒட்டவைத்து எடுத்தார். இந்தக் க்ரையோ நம் ஊர் வரைக்கும் வந்தது. வட ஆற்காடு கிராமங்களில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஆபரேஷன் முகாம் நடந்த காலத்தை ஒரு மூத்த டாக்டர் என்னிடம் சொல்லியிருக்கிறார். லென்ஸை ஈரம் போக ஒற்றி எடுக்காவிட்டால் பனி பரவிக் கருவிழியிலும் ஒட்டிக்கொள்ளுமாம். இப்போது முகாம் என்றால் பரிசோதனை மட்டும்தான். ஆபரேஷனுக்கு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. கெல்மன் ஓட்டையைச் சின்னதாக்கினாரே, உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸ் மடங்காது. ஹெரால்ட் ரிட்லி 1949-இல் லண்டனில் முதன்முதலில் வைத்த லென்ஸ் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் வகை, விறைப்பானது. அதனால் மூன்று மில்லிமீட்டரில் கஷ்டப்பட்டு வேலையை முடித்துவிட்டு, லென்ஸ் வைக்க ஆறு மில்லிமீட்டராக அகலப்படுத்த வேண்டியிருந்தது. 1980-களில் மடிக்கும் லென்ஸ் வந்த பிறகுதான் கெல்மனின் ஓட்டைக்கு முழு மதிப்பு வந்தது. லேசரும் பொய்யில்லை. பாட்ரிஷியா பாத் என்ற அமெரிக்க டாக்டர் லேசரால் புரையைக் கரைக்கும் கருவிக்கு 1988-இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் பெரியம்மாவுக்குப் போட்டது அதில்லை.

என் பிழைப்புக்கு எதிராக ஒன்று சொல்லிவிடுகிறேன். மெஷினே இல்லாமலும் புரை எடுக்கலாம், நன்றாகவே எடுக்கலாம். வெயிலில் காலமெல்லாம் வேலை செய்துவிட்டு, ஒன்றுமே தெரியாமல் போன பிறகு வரும் பெரியவர்களின் புரை காப்பிக்கொட்டை நிறத்தில் கெட்டியாக இருக்கும். அதை ஃபேக்கோவில் உடைக்க நிறைய சக்தி செலவாகும், கருவிழிக்கு ஆகாது. அனுபவமுள்ள டாக்டர் ஆறு, ஏழு மில்லிமீட்டரில் தையல் வேண்டாத வெட்டுப் போட்டு முழு லென்ஸையும் வெளியே நழுவவிடுவார். நேபாளத்தில் லஹான் ஆஸ்பத்திரியில் ஹென்னிக் என்ற டாக்டர் 30 நம்பர் ஊசியைத் தூண்டில் முள்போல வளைத்து, அதில் லென்ஸை மாட்டி இழுக்கும் முறையைக் கொண்டுவந்தார். உறையைத் திறக்க இங்கேயும் 26 நம்பர் ஊசியை டாக்டர்களே வளைத்துக்கொள்கிறார்கள். அதற்கு சர்வீஸ் கான்ட்ராக்ட் கிடையாது, எனக்குப் பைசா பிரயோஜனமில்லை. மதுரையில் அரவிந்த் ஆஸ்பத்திரியை 1976-இல் ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தில் விரல்கள் கோணிவிட்டன. அந்த விரலுக்குப் பொருந்தும்படி கருவிகளைச் செய்துகொண்டுதான் ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஆபரேஷன் செய்தார்.

காட்பாடியில் படிக்கும் பயோமெடிக்கல் பசங்கள் அவ்வப்போது ப்ராஜெக்ட் கேட்டு வருவார்கள். எல்லோருக்கும் புது டிப் (ஊசி முனை) டிசைன் பண்ண ஆசை. டிப்பை விடுங்கப்பா, கண்ணுக்குள் இந்த நொடியில் அழுத்தம் எவ்வளவு என்று சொல்லுங்கள் என்பேன். பழைய மெஷின்களில் சென்சார் பெட்டிக்குள், நீளமான டியூபின் மறுமுனையில் இருந்தது. சேதி போய்ச் சேருவதற்குள் காரியம் முடிந்துவிடும். புதிய சிலவற்றில் அதை ஹேண்ட்பீஸுக்கே கொண்டுவந்துவிட்டார்கள், விலைதான் இங்குள்ள சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு எட்டாது. போன வாரம் ஒரு பெண் சர்க்யூட் வரைந்து எடுத்துவந்தாள், நன்றாகத்தான் இருந்தது. ஹேண்ட்பீஸை 134 டிகிரி நீராவியில் தினமும் போட்டு எடுப்பார்கள், உன் சென்சார் தாங்குமா என்று கேட்டேன். டேட்டா ஷீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறாள்.