கைக்கு எட்டாத மணி

இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மாவை 2 வாரங்கள் ஒரு மறுவாழ்வுப் பராமரிப்பு இல்லத்தில் விட்டிருந்தேன். எனக்கும் ஓய்வு தேவைப்பட்டது. அதைச் சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வரவேற்பறை பளபளத்தது. நான் பார்த்தது அம்மாவின் குதிகாலை. படுத்தே இருப்பவர்களுக்குப் புண் வரும் முக்கியமான இடங்களில் அது ஒன்று. சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். சிவந்திருந்த இடத்தை விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. அழுத்தப் புண்ணின் முதல் நிலை அதுதான். குறிப்பேட்டில் மட்டும் நேரம் தவறாமல் புரட்டியதாகக் கையெழுத்துகள், ஒரே மூச்சில் போட்டது போல.

அழைப்பு மணியோ கைக்கு எட்டாத சுவரில்.

ஆனால் இயன்முறைச் சிகிச்சை அளித்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். “அம்மா, இன்றைக்குக் கதவு வரை போவோமா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்து நின்றார். நடைச்சட்டத்தின் பிடியை அம்மாவின் மணிக்கட்டு உயரத்துக்குச் சரிசெய்ததும் அவர்தான். 9ஆம் நாள் அம்மா தானாகவே கழிவறைக்குப் போய்வந்தார்.

அடுத்த முறை இடம் பார்க்கப் போனால், இரவில் எத்தனை பேருக்கு ஒரு செவிலியர் என்றுதான் முதலில் கேட்பேன்.