ஓடுதுங்கண்ணா

"இப்ப ஓடுதா, ஓடலையா? அத மட்டும் சொல்லுங்க தம்பி" என்று அண்ணன் கேட்டார். "ஓடுதுங்கண்ணா" என்றேன். 2020 ஜூன் கடைசி வாரம். அவருடைய வெள்ளிக் கொலுசு ஆன்லைன் கடையைப் பற்றித்தான் கேட்டார், அதைப் பராமரித்தவன் நான். இவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் வண்டி ஓட்டும்போது, பல் விளக்கும்போது இன்னும் அந்த இடத்துக்கே போய் நிற்கிறேன், வேறு ஏதாவது சொல்லிப் பார்க்கிறேன்.

பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. கடை ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொலுசுப் படம் திறந்தது, பணம் கட்டினார்கள், சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பார்சல் போனது. ஊரடங்கில் பட்டறைகள் பாதி மூடிக் கிடந்த நேரத்தில் அந்த ஆன்லைன் கடைதான் அண்ணனுக்குக் கையில் கொஞ்சம் காசைக் காட்டியது. நான் போனதோ, ஜூன் 30ஆம் தேதியோடு அந்தக் கடையைக் கட்டியிருந்த மெஜெண்டோ 1 மென்பொருளுக்கு ஆதரவு முடிகிறது, இனிமேல் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது என்று சொல்ல. அதற்கு அடியில் ஓடிய பிஎச்பி 5.6 என்கிற நிரல்மொழிப் பதிப்பு அதற்கும் முன்னாலேயே, 2018 டிசம்பரோடு முடிந்து போயிருந்தது. அதை அப்போது சொல்லாமல் விட்டவன் இப்போது எந்த முகத்தோடு சொல்வது என்று ஒரு கூச்சம் வேறு.

அடுத்த பதிப்பான மெஜெண்டோ 2க்கு 'மாறுவது' என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பொருள் விவரம், வாடிக்கையாளர் விவரம், பழைய ஆர்டர் இவற்றை எடுத்துப் போகலாம். கடையின் தோற்றமான தீமும், கூடுதல் வசதிகளுக்கான எக்ஸ்டென்ஷனும் வராது, மறுபடி அஸ்திவாரத்திலிருந்து கட்ட வேண்டும். நாலு லட்சம் ஆகும் என்றேன். கூலிக்கே பணம் புரட்டிக்கொண்டிருந்த மனிதர். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

கேட்டபோது கணக்கு அக்கா எதிர் மேசையில் இருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பார்த்தார் என்று இப்போது நினைக்கிறேன், பார்க்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கடை எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கடையில் பணம் வாங்கும் பகுதியான அந்தப் பழைய பேமென்ட் மாட்யூல், பணம் கட்டியவர் திரும்பக் கடைப் பக்கத்துக்கு வந்தால்தான் 'பணம் வந்தது' என்று எழுதிக்கொள்ளும். கார்டு காலத்தில் அது பெரிய தொந்தரவு இல்லை. யுபிஐ வந்த பிறகு ஜனங்கள் ஃபோனில் இன்னொரு ஆப்புக்குள் போய் பின் நம்பரைப் போட்டு, டிக் விழுந்ததும் அப்படியே மூடிவிடுகிறார்கள். திரும்பி ஏன் வர வேண்டும், பணம்தான் கட்டியாயிற்றே. நடுவில் பணத்தை வாங்கித் தரும் நிறுவனமான கேட்வே, நேராக நம் சர்வரைக் கூப்பிட்டுச் சொல்லும் வசதி எல்லாப் புது மாட்யூலிலும் உண்டு, எங்களுடையதில் இல்லை. அதனால் பணம் எங்கள் கணக்கில் இருக்கும், ஆர்டர் 'நிலுவை' என்று கிடக்கும். தினமும் காலையில் அக்கா கேட்வேயின் பட்டியலையும் கடையின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நீள நோட்டில் தொகை, நேரம், ஃபோன் நம்பரின் கடைசி நாலு இலக்கம் எழுதி ஒவ்வொன்றாகச் சேர்த்து வைப்பார். சேராததற்கு ஃபோன் போட்டுக் கேட்பார். அதற்குள் சிலர் ஏமாற்றுக் கடை என்று திட்டிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். கார்டில் கட்டியிருந்தால் முழுப் பணத்தையும் திருப்பினாலும் கேட்வே பிடித்த கமிஷனும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எங்களுக்குத் திரும்ப வராது.

இது போதாதென்று வெள்ளி ரேட். ரேட்டும் எடையும் கூலியும் 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து விலையைத் தானே போட்டுக்கொள்ளும் அறிவு அந்தக் கடைக்கு இல்லை. அக்கா எக்செலில் போட்டு, அறுநூறு சொச்சம் கொலுசுக்கும் விலையை ஏற்றி, புது விலையைக் கடை தன் பட்டியலில் ஏற்றிக்கொள்ளும் இண்டெக்ஸை ஓடவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து, முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான், பக்கங்களின் சேமித்த நகலான கேஷை அழிப்பார். முன்னாலேயே அழித்தால் பழைய விலை மறுபடி வந்து உட்கார்ந்துவிடும். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, பட்டுப் பட்டு அவரே கண்டுபிடித்தது. "எவ்வளவு நேரம்க்கா ஆகும்?" என்று ஒரு தடவை கேட்டேன். "எல்லாம் சேத்து மூணு மணி நேரம் தம்பி. விசேஷ நாள்னா மத்தியானம் ஆயிரும்."

இதெல்லாம் தெரிந்துதான் ஓடுது என்றேன். நாலு லட்சத்தைக் கேட்டு அந்த மனிதரை நோகடிக்க வேண்டாம் என்பது ஒரு காரணம். அது நிஜம்தான். புது வெர்ஷனில் எனக்குக் கை பழகவில்லை என்பதும் நிஜம். பழசு அடிக்கடி நிற்பதால்தான் எனக்கு மாதா மாதம் பராமரிப்புக் காசு வந்தது, அதை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியவில்லை.

ஆடி வந்தது. கோவில்கள் மூடிக் கிடந்த ஆடி. ஜூலையும் ஆகஸ்டும் வெள்ளி ஏறின ஏற்றத்தைச் செவ்வாய்ப்பேட்டையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து கொரோனா என்று அக்காவின் தெருவில் தகரம் அடித்து அடைத்துவிட்டார்கள். விலையேற்றும் வேலையை நான் வீட்டிலிருந்து செய்தேன். இண்டெக்ஸ் முடியும் முன் கேஷை அழித்தேன். இரண்டு நாள் கடை பழைய விலையிலேயே விற்றது. கிராமுக்குப் பத்து ரூபாய் வித்தியாசம் என்றால் 100 கிராம் ஜோடிக்கு ஆயிரம் ரூபாய், டச் (வெள்ளியின் சுத்தம்) கணக்கு பார்த்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நாற்பத்தொரு ஆர்டர். அண்ணன் ஒன்றைக்கூட ரத்து செய்யவில்லை, சொன்ன விலைக்கே அனுப்பினார். "அந்தப் புள்ள ரெண்டு நாள் வரலைன்னா இப்படி ஆயிருது பாருங்க" என்றார். ஆமாங்கண்ணா என்றேன். அதுவும் பொய் இல்லை.

செப்டம்பரில் ஒரே வார இறுதியில் ஏறக்குறைய இரண்டாயிரம் கடைகளில், பெரும்பாலும் மெஜெண்டோ 1, கார்டு விவரம் திருடும் நிரலைச் செருகிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து எங்கள் சர்வரில் ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நிம்மதியோடு ஏமாற்றமும் இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஹேக் ஆகியிருந்தால் அண்ணனிடம் காட்ட ஒன்று இருந்திருக்கும். பயமுறுத்துகிற செலவு வரவே இல்லை. வந்துகொண்டே இருந்த செலவு அக்காவின் நோட்டில் இருந்தது, அதை யாருக்குக் காட்டுவது?

காட்டினேன். 2021 தீபாவளி கழிந்து ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணக்குப் போட்டேன். கேட்வே கமிஷன், திரும்பி வந்த பார்சல், பழைய பிஎச்பிக்காகவே தனியாக வாடகைக்கு வைத்திருந்த சர்வர், என் பராமரிப்புக் காசு (அதையும் போட்டேன், கை நடுங்கித்தான்), கடைசியில் 'கைவேலை, தினம் 3 மணி நேரம்' என்று ஒரு வரி. இந்தத் தடவை அண்ணன் சரி என்றுவிட்டார். 2022 பொங்கலுக்குப் பிறகு புதுக் கடை வந்தது. ஆர்டரும் பணமும் தானாகச் சேர்ந்தன, ரேட்டை ஒரே இடத்தில் மாற்றினால் போதும். இரண்டு மாதத்தில் அக்காவை அரை நாள் வந்தால் போதும் என்றார்கள். ஆட்டையாம்பட்டியிலிருந்து அரை நாள் சம்பளத்துக்கு பஸ் ஏறி வந்து கட்டுப்படியாகாது என்று நின்றுவிட்டார்.

அப்படியென்றால் அன்றைக்கே உள்ளதைச் சொல்லியிருந்தால் ஊரடங்கு நடுவில் அவர் வேலை போயிருக்கும், நான் சொல்லாமல் இருந்ததுதான் நல்லது என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு நான் அவரை நினைத்துச் சொல்லாமல் இருக்கவில்லை என்பதுதான் தகராறு. அண்ணனையும் குறை சொல்ல முடியாது; அந்த வரியை எழுதியவன் நான், அவர் படித்தார், அவ்வளவுதான்.

அந்தக் கணக்குத் தாளை அக்காதான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அண்ணன் வர நேரமானதால் நின்றபடியே மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தார். கடைசி வரியையும்தான்.

"கூட்டல்ல நானூறு ரூவா விட்டுப்போச்சு தம்பி" என்று பென்சிலால் திருத்திக் கொடுத்தார்.